மூன்று நீலங்கள்

சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் உளுந்தூர்பேட்டை தெரியும். ஆனால், யாருக்கும் தெரியாது! திருச்சி ரோடும் சேலம் ரோடும் பிரிகிற இடம். ராத்திரி பஸ் குலுங்கி நிற்கும்போது பாதிக் கண்ணைத் திறந்து, ‘‘எந்த ஊருங்க?’’ என்று பக்கத்து சீட்காரரைக் கேட்போம். ‘‘உளுந்தூர்பேட்டை’’ என்பார். ‘‘ஓ... இன்னும் எவ்வளவோ இருக்கே’’ என்று மறுபடி தூங்கிவிடுவோம். நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அடுத்த முறை பகல் பஸ்ஸில் போனால், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மாதமாக இருந்தால், சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். தண்ணீர் கட்டிய நெல் வயல்கள். வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. வீட்டுக்குத் திரும்பும் மாடுகள். தூரத்தில் கரும்புத் தோட்டம். காலண்டரில் போடலாம் போல அழகு!

ஆனால், இதே காட்சியை ஒரு கொசு ஆராய்ச்சியாளரிடம் காட்டினால் அவர் முகம் மாறிவிடும். வயல் தண்ணீரில் க்யூலெக்ஸ் இனக் கொசு முட்டையிடும். கொக்கு, நாரையின் ரத்தத்தில் ஒரு வைரஸ் குடியிருக்கும். கொக்கைக் கடித்த கொசு, ஊர் ஓரத்துப் பன்றியைக் கடிக்கும். பன்றிக்கு ஒன்றும் ஆகாது போலத்தான் இருக்கும். ஆனால், அதன் உடம்பில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகும். அங்கிருந்து மறுபடி கொசு. கொசுவிடமிருந்து, திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை!

ஜப்பானிய மூளைக் காய்ச்சல்.

பெயர் மட்டும்தான் ஜப்பான். அங்கே 1924-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி, பாதிக்கும் மேலானவர்களைக் கொன்ற நோய். வைரஸை அவர்கள் 1935-ல் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது எங்கே தெரியுமா? நம்ம வேலூரில்! 1955-ல் அப்போதைய வடாற்காடு மாவட்டத்து கிராமங்களிலிருந்து, காய்ச்சலும் வலிப்புமாக, நினைவு தப்பிய குழந்தைகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். அங்கிருந்த குழந்தை மருத்துவர் வெப் மற்றும் அவருடைய குழுவினருக்குச் சந்தேகம் வந்தது. இது வழக்கமான மூளைக் காய்ச்சல் இல்லையே! புனேயில் 1952-ல் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் ரத்தப் பரிசோதனை செய்து, ‘ஜப்பான்காரன்தான்’ என்று உறுதிசெய்தது.

வடாற்காட்டில் இருந்தது தென்னாற்காட்டுக்கு வராமல் இருக்குமா? 1980-களில் விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை உள்ளிட்ட தென்னாற்காட்டு நெல் வயல் பூமி இந்த நோயின் நிரந்தர முகவரிகளில் ஒன்றாகிவிட்டது. (பிறகு 1993-ல் இந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டமானது. 2019-ல் உளுந்தூர்பேட்டை, புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போனது. கொசுவுக்கு மாவட்ட எல்லை கிடையாது!)

அப்போது மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருந்தது. ரேச்சல் ரூபன், கஜானனா போன்ற விஞ்ஞானிகள் அங்கிருந்து வந்து, விருத்தாசலத்தில் கிளை போட்டு, வருடக்கணக்கில் இந்தக் கிராமங்களைச் சுற்றினார்கள். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத் தொழுவத்தில் நின்று, வாயால் உறிஞ்சும் குழாயில் கொசு பிடிக்கிற வேலை. ஊர் ஜனங்கள் சிரித்திருப்பார்கள். ‘படிச்சுட்டு வந்து கொசு புடிக்கிறாங்க பாரு!’ ஆனால், அந்தக் கொசுக்களை எண்ணித்தான் எந்த மாதத்தில், எந்த இனம், எத்தனையில் எத்தனை வைரஸைச் சுமக்கிறது என்ற கணக்கு கிடைத்தது. குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. நோயே வராத பல குழந்தைகளின் உடம்பிலும் இந்த வைரஸ் வந்து போன தடயம் இருந்தது.

இங்கேதான் ஒரு புதிர் ஆரம்பிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வைரஸ் தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை கை கால் விளங்காமலோ, பேச்சு வராமலோ, வலிப்போடோ வாழ்நாள் முழுக்க... அந்தப் பெற்றோரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

வைரஸைக் கொல்ல மருந்து இன்றுவரை இல்லை. ஆனால், டாக்டர்கள் தலையைச் சொறிந்துகொண்ட கேள்வி வேறு. மூளை நாசமாவதற்கு வைரஸ் மட்டும்தான் காரணமா? இல்லை, கூடவே வேறு யாராவது சேர்ந்து அடிக்கிறார்களா?

அடிக்கிறார்கள். அது வீட்டுக் காவல்காரனே!

1919-ல் பியோ டெல் ரியோ ஹொர்தேகா என்ற ஸ்பெயின் விஞ்ஞானி, வெள்ளி உப்பில் மூளைத் துண்டை நனைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சிலந்தி மாதிரி கை கால் பரப்பிய குட்டி செல்களைக் கண்டார். மைக்ரோக்ளியா என்று பெயர் வைத்தார். மூளையின் சொந்த நோய் எதிர்ப்புப் படை. சும்மா கிடக்கின்றன என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2005-ல் உயிருள்ள எலியின் மூளைக்குள் பார்த்தபோதுதான் தெரிந்தது... இவை ஓயாமல் கைகளை நீட்டி நீட்டி ரோந்து சுற்றுகின்றன!

கிருமி நுழைந்தால் இந்தக் காவல்காரன் உருவம் மாறுவான். கைகளைச் சுருக்கி உருண்டையாவான். கண்டதையும் விழுங்குவான். ரசாயன ஆயுதங்களை வீசுவான். டெல்லி அருகே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசுவின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில், உசுப்பேறிய மைக்ரோக்ளியா வெளியிடும் ரசாயனங்களே நரம்பு செல்கள் சாகக் காரணமாகின்றன. திருடனைச் சுட வந்த போலீஸ், தெருவில் நின்றவர்களையும் சேர்த்துச் சுட்டுவிட்ட கதை.

காவல்காரனைக் கொன்றுவிட்டால்? வைரஸுக்குக் கொண்டாட்டம். அவன் கோபத்தை மட்டும் தணிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி... அவன் என்ன சாப்பிடுகிறான் என்று பார்ப்பது!

சிரிக்காதீர்கள். செல் எப்படிச் சண்டை போடும் என்பதை அது எப்படிச் சாப்பிடுகிறது என்பது தீர்மானிக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். மூங்கில்துறைப்பட்டில் இருக்கிற மாதிரி சர்க்கரை ஆலைக்குள் ஒரு கரும்பு போனால், மிச்சம் மீதி இல்லாமல் பிழிந்து சர்க்கரை, பாகு என்று எடுத்து, சக்கையையும் எரித்து விடுவார்கள். ரோட்டோர ஜூஸ் கடையிலோ, இரண்டு தடவை மெஷினில் விட்டு, சக்கையைக் கூடையில் வீசிவிடுவார்கள். ஆனால், ஒரே நிமிஷத்தில் டம்ளர் கையில் இருக்கும்!

அமைதியான மைக்ரோக்ளியா, சர்க்கரை ஆலை. குளுக்கோஸை ஆக்சிஜனோடு நிதானமாக எரித்து, ஒரு மூலக்கூறிலிருந்து சுமார் 30 யூனிட் சக்தி எடுக்கிறது. கோபம் வந்த மைக்ரோக்ளியா, ஜூஸ் கடை. 2 யூனிட் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை லாக்டேட் என்ற சக்கையாக வெளியே தள்ளிவிடுகிறது. வீண்தான். ஆனால் வேகம். தவிர, ஆயுதம் செய்யக் கச்சாப் பொருளும் கிடைக்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களில் புற்றுநோய் செல்களில் இதே ஊதாரித்தனத்தைப் பார்த்திருக்கிறார்.

சரி, மூளைக்குள் இருக்கிற ஒரு செல் ஆலையா, ஜூஸ் கடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே எடுத்து அரைத்துப் பார்க்கலாம். ஆனால், இந்தக் காவல்காரன் மகா ரோஷக்காரன். இடத்தைவிட்டுத் தூக்கினாலே குணம் மாறிவிடுவான். தொடாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி ஒளி, இல்லையென்றால் அதன் உறவினர்களான அலைகள். இதைத்தான் ஸ்பெக்ட்ராஸ்கோபி, நிறமாலையியல் என்கிறார்கள். ஒரு பொருள்மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை நிறம் நிறமாகப் பிரித்து, அந்தப் பொருளின் ஜாதகத்தை எழுதும் கலை.

இந்தக் கலையின் சரித்திரத்தில் மூன்று நீலங்கள் இருக்கின்றன. இரண்டு, நம்ம மெட்ராஸ் மாநிலக் கல்லூரி மாணவர்களுடையவை!

முதல் நீலம், கடல். திருவானைக்காவில் 1888-ல் பிறந்த ராமன், 1921-ல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து எல்லோரும் ‘ஆஹா’ என்றார்கள். ராமன், ‘ஏன்?’ என்றார். வானத்தின் பிரதிபலிப்பு என்று அதுவரை பெரியவர்கள் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கையிலிருந்த சின்னக் கருவியை வைத்தே காட்டினார். கல்கத்தா திரும்பியும் விடவில்லை. வத்திராயிருப்புக்காரரான கே.எஸ்.கிருஷ்ணன் தூசு தும்பில்லாமல் சுத்தம் செய்து தந்த திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒன்றிரண்டு இல்லை, 60 திரவங்கள்! உள்ளே போன நிறம் ஒன்று. வெளியே வந்ததில் துளியூண்டு வேறு நிறம். 1928 பிப்ரவரி 28 அன்று அது உறுதியானது. 1930-ல் நோபல் பரிசு.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அளவில் ஒளியின் நிறத்தை மாற்றுகிறது. கைரேகை மாதிரி. கொழுப்புக்கு ஒரு ரேகை, புரதத்துக்கு ஒரு ரேகை. சாயம் பூச வேண்டாம், வெட்ட வேண்டாம். கஷ்டம் என்னவென்றால், கோடி ஒளித்துகளில் ஒன்று என்கிற மாதிரி அபூர்வமாகத்தான் இந்த நிறமாற்றம் நடக்கும். லேசரும் கம்ப்யூட்டரும் வந்த பிறகே செல்லுக்குள் இதைப் பார்க்க முடிந்தது. 2018-ல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ராமன் ஒளியை வைத்தே, மைக்ரோக்ளியாவின் பங்காளியான மேக்ரோஃபேஜ் செல் அமைதியாக இருக்கிறதா, கோபத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு செல்லாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இரண்டாவது நீலம், டெஸ்ட் ட்யூபில். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில்! மூன்றாவது தடவை மெட்ராஸில் பாஸ் செய்து, மாநிலக் கல்லூரி, பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தி பேச்சைக் கேட்டு ஆபரேஷன் தியேட்டருக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் தராமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள்.

சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடம்பில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். 1925-ல் வெளியான அந்த முறை ரொம்ப எளிது. ரசாயனத்தைக் கலந்தால் நீல நிறம் வரும். எவ்வளவு நீலமோ, அவ்வளவு பாஸ்பரஸ். ஆனால், தசைச் சாற்றில் சோதித்தபோது மட்டும் நீலம் உடனே வராமல் மெள்ள மெள்ள வந்தது. வேறு யாராக இருந்தாலும், ‘ஏதோ கலப்படம்’ என்று கொட்டியிருப்பார்கள். சுப்பாராவுக்கு அந்தத் தாமதம் உறுத்தியது. தோண்டினார். பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிற ஒரு பொருள் சிக்கியது. பாஸ்போகிரியேட்டின்! 1927. இரண்டு வருடம் கழித்து ஏ.டி.பி. என்ற, உயிர்களின் சில்லறைக் காசு. அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைக் கண்டுபிடித்தார். மேலே ‘யூனிட் யூனிட்’ என்று சொன்னேனே, அது இந்த ஏ.டி.பி.தான்.

சுப்பாராவ் டெஸ்ட் ட்யூபில் பார்த்ததை உயிருள்ள உடம்பில் பார்க்க, காந்தத்தையும் ரேடியோ அலையையும் பயன்படுத்தும் இன்னொரு ஸ்பெக்ட்ராஸ்கோபி வந்தது. 1974-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எலியின் கால் தசையை முழுசாக அந்தக் கருவிக்குள் வைத்தார்கள். திரையில் பாஸ்போகிரியேட்டினுக்கு ஒரு சிகரம், ஏ.டி.பி-க்கு மூன்று சிகரங்கள். சுப்பாராவ் அதைப் பார்க்க இல்லை. 1948-லேயே நியூயார்க்கில் தூக்கத்தில் இறந்துவிட்டார். வயது 53.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. மெஷினில் படுக்க வைத்தே மூளையின் ஒரு கட்டியில் லாக்டேட் ஏறியிருக்கிறதா, நரம்பு செல்லின் ஆரோக்கியத்தைக் காட்டும் பொருள் குறைந்திருக்கிறதா என்று பார்க்க முடிகிறது. ஆனால், அந்தக் கட்டிக்குள் கோடிக்கணக்கான செல்கள். லாக்டேட்டைத் துப்பியது காவல்காரனா, பக்கத்து வீட்டுக்காரனா... மெஷின் சொல்லாது.

அதைச் சொல்ல வந்ததுதான் மூன்றாவது நீலம். செல்லுக்குள் சாப்பாட்டிலிருந்து சக்தியைச் சுமந்து செல்லும் கூலியாள் ஒருவர் உண்டு. பெயர் என்.ஏ.டி.ஹெச். அவர்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் லேசாக நீலமாக மினுங்குவார். சுமையை இறக்கிவிட்டால் மினுங்கமாட்டார். 1962-ல் அமெரிக்காவின் பிரிட்டன் சான்ஸ் குழுவினர், உயிருள்ள எலியின் மூளையிலிருந்தே இந்த நீலத்தைப் பிடித்தார்கள். ஆக்சிஜனைக் குறைத்தால் நீலம் கூடியது; கொடுத்தால் குறைந்தது. மூளை மூச்சுவிடுவதைக் கண்ணால் பார்த்த மாதிரி!

அந்த மினுங்கல் எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. நேரம் என்றால், ஒரு செகண்டை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, அரைப் பங்கு! ஜூஸ் கடை செல்லில் கூலியாட்கள் பெரும்பாலும் எதிலும் ஒட்டாமல் அலைவார்கள். மினுங்கல் சட்டென்று அணையும். ஆலை செல்லில் என்ஸைம்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மினுங்கல் கொஞ்சம் நீடிக்கும். 2020-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர், சாயம் எதுவும் இல்லாமல் இந்த இயற்கை மினுங்கலை வைத்தே மைக்ரோக்ளியா உசுப்பேறுவதைப் பார்க்கலாம் என்று காட்டினார்கள்.

‘‘எல்லாம் சரி, உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் குழந்தைக்கு இதனால் என்ன?’’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேர்மையாகச் சொன்னால், இதுவரை ஒன்றுமில்லை. நீல மினுங்கலைக் குழந்தையின் மண்டையோட்டுக்குள் பார்க்க முடியாது. கோபக்கார மைக்ரோக்ளியாவை அமைதியாக்கும் மருந்தைத் தேடும் வேட்டையும் ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது.

அந்த வேட்டையிலும் சுப்பாராவ் வருகிறார்! பிற்காலத்தில் அவர் லெடர்லி கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோதுதான், அவர் குழுவிலிருந்த டகர் என்ற முதியவர் ஆரியோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அந்த வம்சத்தில் வந்த பேரன் மினோசைக்ளின். முகப்பருவுக்குக்கூடத் தருவார்கள். அது மைக்ரோக்ளியாவின் கோபத்தைத் தணிப்பதாகத் தெரிந்தது. 2008-ல் மானேசர் குழு, மூளைக் காய்ச்சல் வந்த எலிகளுக்குக் கொடுத்தது. எலிகள் பிழைத்தன. எல்லோருக்கும் நம்பிக்கை. பிறகு லக்னோவில் மூளைக் காய்ச்சல் அறிகுறியோடு வந்த சுமார் 280 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. இறப்பு விகிதத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

எலிக்கு எந்த நாளில் வைரஸ் ஏறியது என்று விஞ்ஞானிக்குத் தெரியும். ஏனென்றால், ஊசி போட்டவரே அவர்தான்! குழந்தைக்கு அப்படி இல்லை. காய்ச்சல் என்று மாத்திரை வாங்கி, மந்திரித்து, வலிப்பு வந்த பிறகு பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காவல்காரன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. எந்த நேரத்தில் அவனைத் தணிக்க வேண்டும், எந்த நேரத்தில் அவனை விட்டுப்பிடிக்க வேண்டும்... அதைச் சொல்லக்கூடிய கடிகாரம்தான் வேண்டும். ஒளியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சிசாலையில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்துகொண்டிருப்பது அந்தக் கடிகாரத்தை.

அதுவரை குழந்தைகளைக் காப்பாற்றப்போவது என்னவோ பழைய சங்கதிகள்தான். இந்திய அரசு 2006-ல் இந்த நோய்க்குத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது தமிழ்நாட்டின் நெல் வயல் மாவட்டங்களுக்கும் வந்தது. எந்த மாவட்டத்துக்கு ஊசி வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? அன்றைக்கு மாட்டுத் தொழுவத்தில் குழாயோடு நின்றார்களே... அந்த மாதிரி ஆட்கள் எண்ணிய கணக்கு சும்மா போகவில்லை.

ஊசியின் பாதுகாப்பு, போட்டுக்கொண்டவர்களுக்குத்தான். கொக்குக்கும் பன்றிக்கும் யாரும் ஊசி போடுவதில்லை. வைரஸ் வயலைவிட்டு எங்கேயும் போய்விடவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் இந்த ஊசி உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே இந்த நோய் வந்து, படுத்த படுக்கையாகவோ பேச்சில்லாமலோ வளர்ந்துவிட்ட பிள்ளைகள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் இருப்பார்கள். அவர்களுக்கு ஊசி தாமதமாக வந்தது. மூன்றாவது நீலம் இன்னமும் வரவில்லை.

அடுத்த தடவை பஸ் உளுந்தூர்பேட்டையில் நிற்கும்போது, உடனே தூங்கிவிடாதீர்கள்.